தாத்தா பெட்டியில் பழைய ரிவால்வர்: நினைவுப் பொருளா, குற்றமா?

குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் நண்பர் ஒருவர், போன வாரம் ஒரு வீடியோவைக் காட்டினார். அமெரிக்காவில் நடந்த ஒரு துப்பாக்கிக் கண்காட்சி அது. கல்யாண மண்டபம் மாதிரி ஒரு பெரிய கூடம். வரிசையாக மேசைகள். அவற்றின் மேல் நூறு வருஷப் பழைய ரிவால்வர்கள், ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு. புடவைக் கடையில் துணி பார்ப்பது போல ஜனங்கள் எடுத்துப் பார்க்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

"அண்ணா, இந்த மாதிரி நம்ம ஊர்ல எங்க நடக்கும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார்: "எங்க தாத்தா பெட்டியிலயும் ஒண்ணு கிடக்கு. துருப்பிடிச்சுப் போச்சு. அதை வித்தா ஏதாவது வருமா?"

முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரி: எங்கேயும் நடக்காது. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் அவர் கையில் இருப்பது லாபம் தரும் பொருளாக இருக்கலாம், சிறைக்கு அனுப்பும் பொருளாகவும் இருக்கலாம். எது என்று அவருக்கே தெரியாது.

அமெரிக்காவில் மட்டும் எப்படி முடிகிறது?

ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே அமைப்பு 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்களிடம் சுமார் 39.3 கோடி துப்பாக்கிகள் இருக்கின்றன. அதாவது 100 பேருக்கு 120. இந்தியாவில் சுமார் 7.1 கோடி, 100 பேருக்கு 5. ஆனால் இந்த 7.1 கோடியில் பதிவு செய்யப்பட்டவை ஒரு கோடிக்கும் குறைவு, சுமார் 97 லட்சம்தான். மீதி எல்லாம் கணக்கில் வராதவை. நண்பரின் தாத்தா பெட்டியும் அந்த மீதியில் ஒன்றாக இருக்கலாம்.

பழைய துப்பாக்கிகளை அமெரிக்கச் சட்டம் வயதை வைத்துப் பிரிக்கிறது. 1898-ம் ஆண்டிலோ அதற்கு முன்போ தயாரானது பழம்பொருள். அதற்கு மத்திய அரசின் துப்பாக்கி விதிகள் பெரும்பாலும் பொருந்தாது. 50 ஆண்டுகளைத் தாண்டியது சேகரிப்புப் பொருள். அதைச் சேகரிப்பவர்களுக்கென்றே தனி உரிமம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு 30 டாலர் கட்டணம். தொழில்முறை வியாபாரி அல்லாத தனிநபர் ஒருவர் விற்றால், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கச் சொல்லி மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. சில மாநிலங்கள் மட்டும் கட்டாயப்படுத்துகின்றன. வீடியோவில் தெரியும் அந்தச் 'சந்தை' இதனால்தான் சாத்தியமாகிறது.

நம் சட்டம் வேறு கேள்வி கேட்கிறது

இந்தியாவில் இருப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் 45-வது பிரிவு, பழைய ஆயுதங்களுக்கு ஒரு விலக்கு தருகிறது. வழக்கொழிந்த வடிவம், பழம்பொருள் மதிப்பு, பழுது ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சட்டம் பொருந்தாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஆயுதம் துப்பாக்கியாகப் பயன்படக் கூடாததாக இருக்க வேண்டும், 'பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி'.

இந்தக் கடைசிச் சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. துருப்பிடித்துச் சுழல் உருளை சிக்கிக்கொண்ட ரிவால்வரை ஒரு நல்ல மெக்கானிக் எண்ணெய் போட்டு, ஒரு ஸ்பிரிங் மாற்றிச் சரி செய்துவிட முடியும் என்றால், சட்டத்தின் கண்ணில் அது இன்னும் துப்பாக்கிதான். "சுடவே சுடாதுங்க" என்று நீங்கள் சொல்வது வாதமே ஆகாது. எவ்வளவு வருஷம் பழசு என்பதைவிட, இனி சுடுமா என்பதே இந்தப் பிரிவு கேட்கும் கேள்வி.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் ஆயுத விதிகளைத் திருத்தியது. 'கியூரியோ', அதாவது அரும்பொருள் வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்றது. ஆனால் அதைப் பயன்படுத்தவோ, எடுத்துச் செல்லவோ, இடம் மாற்றவோ உரிமம் வேண்டும். உரிமத்தில் பதிவு இல்லாமல் அதற்குத் தோட்டாவும் விற்க மாட்டார்கள். கியூரியோ என்பதற்கு விதிகளில் தனி வரையறை உண்டு. "பார்த்தாலே பழசுன்னு தெரியுதே" என்பது அந்த வரையறை ஆகாது. உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்காமல், நீங்களாக முடிவு செய்யக் கூடாது.

எல்லாப் பழைய ரிவால்வரும் ஒன்றா?

இல்லை. முதலில் ஒரு சின்ன வித்தியாசம். ரிவால்வர் என்றால் தோட்டாக்கள் ஒரு சுழல் உருளைக்குள் இருக்கும். சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இந்த வகைக்குத்தான். பிஸ்டல் என்று நாம் சொல்வதில் தோட்டாக்கள் பெரும்பாலும் பிடிக்குள் அடுக்கப்பட்டிருக்கும். 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பிரவுனிங் பிஸ்டலால், ரிவால்வரால் அல்ல.

இந்தியாவில் பழைய ரிவால்வர் என்றால் அதிகம் காதில் விழும் பெயர் வெப்ளி. 1887-ல் பிரிட்டிஷ் ராணுவம் .455 அளவு வெப்ளி ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போரின்போது, 1915-ல், அதன் ஆறாவது வடிவம் வந்தது. உலகச் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது இதைத்தான்.

ஆனால் நம் ஊரில் அதுவே சிக்கலானது. ஆயுத விதிகளின் அட்டவணைப்படி, .455 அல்லது .380 விளிம்புத் தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய ரிவால்வர்கள் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வருகின்றன. ராணுவமும் போலீசும் பயன்படுத்திய தோட்டாக்கள் என்பதுதான் காரணம். அதற்கான உரிமத்தை மாவட்ட ஆட்சியர் தர முடியாது, மத்திய உள்துறை அமைச்சகம்தான் தர வேண்டும். சாதாரண மக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 அளவு. கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் தயாராகி 2014-ல் வந்த 'நிர்பீக்' ரிவால்வரும் .32 தான்.

விலை ஏன் எகிறுகிறது?

1980-களின் நடுவில் இருந்து, வெளிநாட்டுத் துப்பாக்கிகளை வியாபாரத்துக்காக இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. விளையாட்டு வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஆக, அதற்கு முன் நாட்டுக்குள் வந்த வெப்ளி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட் ஆகியவைதான் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. புதிதாக வரத்து இல்லை, கேட்பவர்கள் குறையவில்லை. அதனால் அமெரிக்க மேசையில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் சாதாரண .32 ரிவால்வர்கூட இங்கே லட்சங்களில் பேசப்படுகிறது. அது தரத்தின் விலை அல்ல, தட்டுப்பாட்டின் விலை.

முறையாக வாங்குவது என்றால்?

பொருளைப் பார்த்துவிட்டு உரிமம் தேடக் கூடாது, உரிமம்தான் முதலில். வயது 21 ஆகியிருக்க வேண்டும். நீங்கள் வசிக்கும் இடத்தின் அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். குப்பம் என்றால் சித்தூர் மாவட்ட ஆட்சியர், பெங்களூரில் குடியிருந்தால் அந்நகரக் காவல் ஆணையர். ஏன் தேவை என்ற காரணம், போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்க முடியும், முன்பு மூன்று. பரம்பரையாக வந்தாலும் இந்த வரம்பு மாறாது. பத்து ரிவால்வரை வரிசையாக அடுக்கும் 'கலெக்‌ஷன்' கனவு அங்கேயே முடிந்துவிடுகிறது.

உரிமம் உள்ள கடையில் வாங்கலாம். உரிமம் உள்ள இன்னொருவரிடமும் வாங்கலாம். ஆனால் விற்பவர் யாருக்கு விற்கிறார் என்பதை, பெயர் முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். அமெரிக்க மேசையில் 45 நிமிஷத்தில் முடிவது இது.

பொருளில் முதலில் பார்க்க வேண்டியது வரிசை எண். அது தெளிவாக இருக்க வேண்டும், விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணை அழித்ததோ மாற்றியதோ தெரிந்தால் தொடவே வேண்டாம், அது தனிக் குற்றம். இன்னொன்று: பளபளவென்று புது முலாம் பூசியதைப் பார்த்து மயங்காதீர்கள். பழைய மெருகு போனால் சேகரிப்பு மதிப்பும் போய்விடும்.

சரி, தாத்தா பெட்டியில் இருப்பதை என்ன செய்வது?

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அந்த உரிமம் பிள்ளைகளுக்குத் தானாக வராது. துப்பாக்கியைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. ஒப்படைத்தால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம், அல்லது தகுதியான ஒருவருக்கு விற்கலாம். அதற்கும் காலக்கெடு உண்டு. 2016 விதிகள் இன்னொரு வசதியும் தருகின்றன. உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். வீட்டில் பெரியவர் இருக்கும்போதே பேச வேண்டிய விஷயம் இது.

பேசாமல் விட்டால்? உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறை, அபராதமும் உண்டு. 2019-க்கு முன் இது 1 முதல் 3 ஆண்டுகளாக இருந்தது.

குப்பத்துக்காரர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஒரு பக்கம் ரயில் கொஞ்ச நேரத்தில் கர்நாடகத்துக்குள் போய்விடும். மறுபக்கம் மல்லானூர் தாண்டினால் தமிழ்நாடு. உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். "பெங்களூர்ல ஒருத்தர் நல்ல விலை தர்றாராம்" என்று பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினால், வீட்டுக்குள் இருந்த பிரச்சினை மாநிலம் தாண்டிய பிரச்சினையாகிவிடும். வெளிநாட்டில் விற்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். நூறு ஆண்டுகள் தாண்டிய வரலாற்றுப் பொருள்களைத் தனிநபர்கள் ஏற்றுமதி செய்ய 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை.

எனவே செய்ய வேண்டியது இதுதான். முதலில் வீட்டில் பழைய உரிமப் புத்தகத்தைத் தேடுங்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். ரிவால்வரைத் துடைக்கவோ, சுட்டுப் பார்க்கவோ, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விலை கேட்கவோ வேண்டாம். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். அந்தச் சீட்டுதான் இனி உங்கள் பாதுகாப்பு.

பழைய ஆயுதங்களைப் பார்க்கத்தான் ஆசை என்றால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் ஆயுதக் கூடங்கள் இருக்கின்றன. நுழைவுச் சீட்டு போதும், உரிமம் வேண்டாம்.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் வீடியோவை மூடிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டிருந்தார். "அப்பா, தாத்தா பேர்ல ஒரு லைசென்ஸ் புக் இருக்கும்ல, அது எங்க இருக்கு?" சரியான கேள்வி அதுதான். விலை என்ன என்பது அதற்குப் பிறகுதான்.