புலி மட்டும் போதுமா?

பின்னணியைக் கரைத்துவிடும் வண்ணப் படங்களுக்கு நடுவே, விலங்கோடு அதன் நிலத்தையும் சேர்த்துப் பிடித்த கறுப்பு-வெள்ளைப் படங்கள் வேறு கதை சொல்கின்றன.

ரண்தம்போர் போய் வந்தவரின் கேமராவில் புலி இருக்கும். மீசை மயிரை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து திரும்பியவரிடமும் அதே மாதிரி ஒரு புலி. எது எந்தக் காட்டுப் புலி என்று மட்டும் கேட்கக் கூடாது. 600 மி.மீ. லென்ஸ் பின்னணியைப் பச்சைக் குழம்பாக்கிவிட்டது. ரண்தம்போரின் ஏரியும் இடிந்த மண்டபமும் எங்கே? தடோபாவின் மூங்கில் எங்கே? இவை விலங்குகளின் பாஸ்போர்ட் படங்கள்.

மா. கிருஷ்ணன் வேறு வழியில் போனவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை எழுதத் தொடங்கி, 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை நிறுத்தவில்லை. கலர் பிலிம் தாராளமாகப் புழங்க ஆரம்பித்த பிறகும் கறுப்பு-வெள்ளையைக் கைவிடவில்லை. அவருடைய கேமராவும் கடையில் கிடைக்காத சரக்கு. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், இடையில் அவரே பொருத்திய உதிரிகள். அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. காடுகளில் பெரும்பாலும் பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்துதான் இதை இயக்கினார்.

அவர் பிடிவாதத்தின் விலை என்ன என்பது கறுப்பு-வெள்ளையில் காட்டைப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்ணத்தில் ஆரஞ்சுப் புலி பச்சைப் புதரிலிருந்து தானாகவே பிரிந்து நிற்கும். நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். (மானுக்கும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியத் தெரியாது. அந்த வகையில் கறுப்பு-வெள்ளைக்காரர் புலியின் இரையைப் போலத்தான் காட்டைப் பார்க்கிறார்.) புள்ளிமான் இன்னும் மோசம். மர நிழலில் விழும் வெயில் பொட்டுகளுக்குள் அது கரைந்தே போகும். ஆக, விலங்கை நிலத்திலிருந்து பிரித்துக் காட்ட வெளிச்சம் ஒன்றுதான் கதி. காலையில் எதிரே சூரியன் இருந்தால் யானையின் முதுகிலும் காது விளிம்பிலும் வெள்ளிக் கோடு விழும். புழுதியோ பனிமூட்டமோ இருந்தால் பின்னால் உள்ள மரங்கள் வெளிறி, முன்னால் நிற்கும் விலங்கு திடமாகத் தெரியும். லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டினால் நீல வானம் கறுத்து மேகங்கள் திரண்டு நிற்கும். ஆனால் அதே ஃபில்டர் இலைகளையும் கறுப்பாக்கிக் காட்டெருதை அதற்குள் விழுங்கிவிடும். விலங்கும் தொலைமரமும் ஒருசேரத் தெளிவாக விழ வேண்டுமானால் லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் ஷட்டர் வேகம் குறையும். காட்டு இருட்டில் யானை காதை அசைத்தாலே படம் போச்சு. அசையாத அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இந்தியக் காட்டில் புலியை முதலில் படம்பிடித்தவர்களில் ஒருவரான எஃப்.டபிள்யூ. சாம்பியனுக்கு இந்த வசதிகூட இல்லை. ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த அவர், தடத்தின் குறுக்கே கம்பி கட்டிப் புலியே தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1927இல் அவர் புத்தகம் வெளிவந்தது. இரவில் ஃப்ளாஷின் வெளிச்சம் புலியைத் தாண்டி அதிக தூரம் போகாது. பின்னால் உள்ள காடு முழுக் கறுப்பு.

கிருஷ்ணனுக்குக் காடு முக்கியம். யானையைப் போலவே அது தின்னும் புல்லும் மூங்கிலும் அவருக்கு ஆராய்ச்சிப் பொருள். நம் மண்ணில் பிறக்காத அலங்கார மரங்களைச் சரணாலயங்களில் நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். 1959 முதல் 1970 வரையிலான இந்திய வனவிலங்குகளின் நிலை பற்றிய அவருடைய நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் வெளியிட்டது. அவருடைய படங்களின் பெரிய தொகுப்பு 'ஐ இன் த ஜங்கிள்' 2006இல்தான் வந்தது. பத்து வருடத் தாமதம் என்பது வேறு விஷயம்.

அந்தப் படங்களின் அழகைவிட அவற்றிலுள்ள தகவல் பெரிது. உண்ணிச்செடி இன்று முதுமலையிலும் பந்திப்பூரிலும் பல இடங்களில் தரையையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்தியாவில் புலிகள் உலவும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் அது பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. புல் இருந்த இடத்தில் உண்ணி வந்தால் மானுக்கும் காட்டெருதுக்கும் மேய்ச்சல் இல்லை. யானையின் காலடியில் அன்று என்ன முளைத்திருந்தது என்று தேடுகிறவருக்கு, தரையும் சேர்ந்து விழுந்த பழைய படம் சாட்சி. 600 மி.மீ. லென்ஸின் பச்சைக் குழம்பில் தேடுவதற்கு ஒன்றுமில்லை.

நிலமே போன பிறகு விலங்கை எங்கே நிறுத்திப் படமெடுப்பது? கிழக்கு ஆப்பிரிக்காவில் நிக் பிராண்ட் இதைச் செய்தே பார்த்தார். லண்டனில் பிறந்த இவரும் டெலிஃபோட்டோவைத் தொடாதவர். பென்டாக்ஸ் 67 கேமராவோடு விலங்குக்கு மிக அருகே போய், வானத்தையும் சமவெளியையும் சேர்த்துக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தார். கென்யாவின் அம்போசெலியில் 2007இல் அவர் எடுத்த படத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இகோர் என்ற ஆண் யானையை, 2009இல் தந்தத்துக்காகக் கொன்றுவிட்டார்கள். மறு ஆண்டே ரிச்சர்ட் பான்ஹாமுடன் சேர்ந்து 'பிக் லைஃப்' என்ற பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார் பிராண்ட்.

அதன் பிறகு வந்ததுதான் 2016இன் 'இன்ஹெரிட் த டஸ்ட்'. தான் முன்பு எடுத்து வெளியிடாமல் வைத்திருந்த விலங்குப் படங்களை நிஜ அளவுக்குப் பெரிதாக்கிப் பலகைகளில் ஒட்டினார். ஒரு காலத்தில் அந்த விலங்குகள் நடமாடிய இடங்களுக்கே அவற்றை எடுத்துச் சென்று நிறுத்தி, மறுபடி படமெடுத்தார். அவை இன்று கல் குவாரிகள், மேம்பாலத்தின் அடிப்பகுதிகள், குப்பைமேடுகள். ஒரு படத்தில் குப்பைக்கு நடுவே யானை நிற்கிறது. சுற்றிலும் இருப்பவர்கள் குனிந்து குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள்.