லேண்ட்ரோவர் ஜன்னலும் மலை மழையும்

மலேசியாவின் கேமரன் மலையில் பழைய லேண்ட்ரோவர்கள் இன்றும் உழைக்கின்றன. பிரிஞ்சாங் பக்கத்துச் சரிவுகளிலிருந்து காய்கறி மூட்டைகளோடு சேற்றுப் பாதையில் இறங்கிவருகின்றன. தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர்களுக்கு அந்த வண்டியின் உறுமல் நன்றாகத் தெரியும். எஞ்சினின் பெருமையை எல்லோரும் பேசுவார்கள். ஜன்னல் வழியே நனையும் ஓட்டுநரின் தோளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மழை மிகுந்த மலைச்சாலையில் அது அலட்சியம் செய்யக்கூடியதல்ல. உள்ளே ஈரம் தங்கினால் முன்கண்ணாடியில் ஆவி படியும், வளைவில் எதிரே வருவது தெரியாது.

1958 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 2, சீரிஸ் 3 வண்டிகளில் ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்காது. முன்னும் பின்னும் நகரும். அது ஓடும் காடியின் உட்புறம் கம்பளித் துணி போன்ற ஃபெல்ட் பதித்திருக்கும். பெரும்பாலான கோளாறுகள் தொடங்குவது அங்கேதான். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல ஃபெல்ட் மழைநீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பாசி பிடிக்கும். அடியில் இருக்கும் இரும்புக் காடி துருவேறி உப்பி, ஓரிடத்தில் கண்ணாடியை நெரிக்கும், இன்னோரிடத்தில் தளர்ந்துபோகும். தளர்ந்த இடத்தில் கண்ணாடி கடகடக்கும். பள்ளம் மேட்டில் தானாகவே திறந்துகொள்ளும்.

அப்போது பலரும் இடைவெளியை அடைக்கும் சிலிக்கோன் பசைக் குழாயை எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கீழ்க் காடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. சிலிக்கோன் அவற்றையும் சேர்த்து மூடிவிடும். வெளியேற வழியில்லாத நீர் உள்பக்கம் வழியும், இரும்பும் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். காடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, துளைகளை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து, புது ஃபெல்ட் போடுவதே சரியான வேலை. காடியே இற்றுப்போயிருந்தால் காடியையும் மாற்ற வேண்டும்.

சத்தமும் ஒழுகலும் எப்போதுமே கண்ணாடியிலிருந்துதான் வரும் என்பதில்லை. இந்த வண்டிகளில் கதவின் மேற்பாதி தனியாகக் கழன்றுவரும். அதைக் கீழ்ப்பாதியோடு பிணைக்கும் நட்டுகள் தளர்ந்தால் மேற்பாதி முழுவதும் வெளிப்பக்கம் சாயும், கதவோர ரப்பர் பீடிங்கை அழுத்தாது. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் பீடிங் அங்கே பிடிக்கவில்லை. நட்டை இறுக்கிச் சரிசெய்த பிறகுதான் புது ரப்பருக்குப் பணம் செலவழிக்க வேண்டும். ஒழுகும் இடத்தைத் தேட, ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, கீழிருந்து மேலாகப் போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது வழி என்றே தெரியாது.

1984-ல், அடுத்த தலைமுறை லேண்ட்ரோவர்களில் சுற்றி இறக்கும் ஜன்னல் வந்தது. வேறு வகைத் தொல்லையும் வந்தது. கண்ணாடியின் அடிவிளிம்பை ஓர் உலோகப் பட்டி ரப்பர் வைத்துப் பிடித்திருக்கும். ரப்பர் இறுகிச் சுருங்கினால் கண்ணாடி நழுவி ஒருபக்கம் சரிந்து நிற்கும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் பல் தேய்ந்திருந்தால், கண்ணாடி குலுங்கக் குலுங்கத் தானே இறங்கும். கழற்றும் முன் கண்ணாடியை மேலேற்றி, டேப்பாலோ மரக்கட்டையாலோ தாங்கல் கொடுங்கள். ரெகுலேட்டரின் சுருள்வில் கையைப் பதம்பார்க்கும். ஓடும் தடத்தில் கிரீஸ் பூசுவதைவிடச் சிலிக்கோன் ஸ்பிரே நல்லது. கிரீஸில் மண் ஒட்டிக் கண்ணாடியைக் கீறும்.

இந்த வகைக் கதவுக்குள் கொஞ்சம் மழைநீர் இறங்குவது கோளாறே அல்ல. அது அடித்துளை வழியே வெளியேறும்படிதான் கதவை அமைத்திருக்கிறார்கள். உள்பலகைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் நீரை ஓட்டுநர் பக்கம் வராமல் தடுக்கிறது. ஸ்பீக்கர் மாட்டவோ பூட்டைப் பழுதுபார்க்கவோ கதவைத் திறந்தவர்கள் பெரும்பாலும் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். புது பீடிங் போட்டும் கால் நனைகிறதென்றால், உள்பலகையைக் கழற்றி முதலில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கனமான பாலித்தீனை அளவாக வெட்டி, சுற்றிலும் பசை நாடாவால் ஒட்டி, அதன் அடிநுனியைக் கதவின் உட்பக்கமாகச் செருகிவிடுங்கள்.