'மிதமான நோய்' என்னும் சொல்லும் அரிவாளணு நோயாளரின் உரிமையும்

1952இல் லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாளணு மரபணுவைக் கண்டறிந்தனர். விதர்ப்பாவின் தலித் மக்களிடையேயும் அது பரவலாக உண்டு. மலேரியா மிகுந்த நிலங்களில் அம்மரபணுவின் ஒற்றைப் படி உயிர்காத்தது. இரத்தத்தில் சாதியைத் தேடுவோர் இதை அறிதல் நலம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெறுபவரே நோயாளியாகிறார்.

இந்திய நோயாளிகளுக்கு இந்நோய் மிதமானது என்ற கருத்து மருத்துவ உலகில் நெடுங்காலமாக உண்டு. அதன் அடிப்படை கருக்கால ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் இது குறைந்து, பெரியவர்களிடம் பொதுவாக 1 விழுக்காட்டுக்கும் கீழே நின்றுவிடும். 2ஆம் குரோமோசோமிலுள்ள பிசிஎல்11ஏ மரபணுவே இதை அடக்கிவைக்கிறது. அதன் செயல் தளர்ந்தவர்களிடம் அளவு உயர்கிறது. 11ஆம் குரோமோசோமில் எக்ஸ்எம்என்1 என்னும் மாற்றம் இருப்பினும் அவ்வாறே. இந்திய நோயாளிகள் பலரிடம் காணப்படுவது இதுவே. அரிவாளணு ஹீமோகுளோபின் கோல்களாக அடுக்குவதைக் கருக்கால ஹீமோகுளோபின் தடுக்கிறது.

ஆனால் அது எல்லாச் சிவப்பணுக்களிலும் சமமாகப் பரவுவதில்லை. அளவு உயர்ந்திருந்தும் வலி நெருக்கடியில் துடிப்போர், இடுப்பெலும்பு சிதைந்தோர் உண்டு. 'மிதம்' என்பது சராசரியைப் பற்றிய சொல்; சான்றிதழோ தனி மனிதருக்கு வழங்கப்படுவது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாளணு நோயையும் அட்டவணையில் சேர்த்தது. 40 விழுக்காடு பாதிப்புக்குச் சான்று பெற்றவர், பிரிவு 32இன்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இட ஒதுக்கீட்டைக் கோரலாம். பிரிவு 34இன் வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டிலோ இரத்த நோய்களுக்குத் தனியிடமே இல்லை. ஆகவே விண்ணப்பிக்கும் மாணவர் ஆய்வகச் சீட்டோடு நில்லாமல், மருத்துவமனையில் சேர்ந்த நாட்கள், இரத்தம் ஏற்றிய பதிவுகள் அனைத்தையும் மருத்துவக் குழுவின்முன் வைக்க வேண்டும்.