தேயிலையில் செஞ்சிலந்தி: டைகோபாலுக்கு விடை கொடுப்போம்

குந்தா பகுதியில் பனிக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் தேயிலைக்கு வரும் பெரிய தொல்லை செஞ்சிலந்திப் பேன். இது முற்றிய இலைகளின் மேற்புறத்தில் நடுநரம்பை ஒட்டி இருந்து சாற்றை உறிஞ்சும். இலைகள் செம்பு நிறமாகிக் காய்ந்து உதிரும். நிழலில்லாத சரிவுகளிலும், சாலைப் புழுதி படியும் செடிகளிலும் தாக்குதல் அதிகம்.

இதற்குப் பல ஆண்டுகள் கைகொடுத்த மருந்து டைகோபால். 2023-ம் ஆண்டு மத்திய அரசு இதைத் தடை செய்துவிட்டது. 2019-லேயே ஸ்டாக்ஹோம் உடன்பாட்டின் ஒழிப்புப் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது.

தடை ஏன்?

டைகோபால், டி.டி.டி.யிலிருந்து செய்யப்படும் குளோரின் மருந்து. கார்பனும் குளோரினும் சேர்ந்த பிணைப்பு எளிதில் அறுவதில்லை. பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த குளோரோபுளோரோ கார்பன் வாயுவிலும் இதே பிணைப்பு உண்டு. அது அழியாமல் மேலே சென்று ஓசோன் படலத்தை அரித்ததால், 1987-ல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி கைவிடப்பட்டது. டைகோபாலோ மண்ணிலும், உயிர்களின் கொழுப்பிலும் தங்குகிறது. மீன்களுக்கு இது நஞ்சு. பறவைகளின் முட்டை ஓட்டையும் மெலியச் செய்யும். குந்தா ஆறு பவானியில் சேர்வதை மறக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலையில் பல விவசாயிகளின் பச்சைத் தேயிலை ஒன்றாகக் கலக்கிறது. ஒருவர் தெளித்த மருந்தின் எச்சம் எல்லோருடைய தூளையும் கெடுத்துவிடும்.

செய்ய வேண்டியவை

வாரம் ஒருமுறை சாலையோரச் செடிகளையும் நிழலற்ற இடங்களையும் பார்வையிட வேண்டும். தாக்குதல் தொடங்கிய செடிகளுக்கு மட்டும் உடனே மருந்து தெளித்தால் தோட்டம் முழுவதும் தெளிக்கும் செலவு மிச்சம். சில்வர் ஓக் நிழல் மரங்களை ஒரேயடியாக வெட்டிவிடக் கூடாது. பொறிவண்டுகளும் இரைதின்னும் பேன்களும் செஞ்சிலந்தியை உண்பதால், தேவையின்றி மருந்தடித்து அவற்றை அழிக்க வேண்டாம்.

மருந்து தேவைப்பட்டால் தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளதை மட்டுமே, சொன்ன அளவில் தெளிக்க வேண்டும். இலையின் இருபுறமும் நனைய வேண்டும். குறிப்பிட்ட நாட்கள் கழியாமல் கொழுந்து பறிக்கக் கூடாது.

வீட்டுக் கொட்டகையில் பழைய டைகோபால் பாட்டில் இருந்தால் அதைத் தெளிக்கவோ, ஓடையில் கொட்டவோ, எரிக்கவோ கூடாது. மூடியை இறுக்கிக் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வைத்து, குன்னூரிலுள்ள தேயிலை வாரிய அலுவலகத்தில் யோசனை கேட்பது நலம்.