பகடை விழுந்த பிறகும்
ஆட்டத்திலிருந்து திரைக்கு – 9

சென்ற வாரம் வீடியோ கேம்களைப் படமாக்கியவர்களைப் பார்த்தோம். அவர்களுக்குக் கையில் ஒரு கதை இருந்தது, கதாநாயகன் இருந்தான், பார்த்துப் பழகிய காட்சிகள் இருந்தன. இந்த வாரம் பார்க்கப்போகும் ஆட்டத்தில் இவை எதுவுமே கிடையாது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் பெட்டியைத் திறந்தால் விதிகள்தான் இருக்கும். கதையை ஆடுகிறவர்கள்தான் உண்டாக்க வேண்டும்.

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள்: போர்வீரன், மந்திரவாதி, பாணன், திருடன். “எதிரே இடிந்த பாலம். கீழே நெருப்பாறு. என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கதை நடத்துபவர் கேட்பார். தாண்டிக் குதிப்பேன் என்று ஒருவர் சொன்னால், இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். எண் பெரிதாக விழுந்தால் அக்கரை. சிறிதாக விழுந்தால் கதை வேறு பக்கம் திரும்பும். கதை நடத்துபவரும் அந்த நொடியில்தான் அடுத்ததை யோசிப்பார். மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் ஒரே கதை இப்படி நீளும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வெளிவந்தது. பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகளில் ஊறியவர்கள் இருவரும். படையை நகர்த்துவதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் ஒரே ஓர் ஆளாக இருந்தால் என்ன என்று யோசித்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். இன்று உலகெங்கும் கதாபாத்திரமாக இருந்து ஆடும் ஆட்டங்கள் அத்தனைக்கும் இதுதான் மூலம்.

இதை எப்படிப் படமாக்குவது? மேசையில் அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அங்கே ருசி. படம் என்றால் எல்லாம் முன்பே எழுதி, எடுத்து, வெட்டி ஒட்டி முடிந்துவிட்டது. அதாவது பகடை எப்போதோ விழுந்தாகிவிட்டது. 2000ஆம் ஆண்டு கோர்ட்னி சாலமன் இயக்கிய முதல் படம் இங்கேதான் இடறியது. டிராகன் வந்தது, மந்திரக்கோல் வந்தது, ஜெரமி அயன்ஸ் போன்ற பெரிய நடிகரும் வந்தார். ஆட்டத்தின் உடுப்பு மட்டும் திரைக்கு வந்தது; ஆடுகிறவர்களின் தவிப்பும் சிரிப்பும் வரவில்லை. போட்ட பணம்கூடத் தேறவில்லை.

2023இல் ஜோனத்தன் கோல்ட்ஸ்டீன், ஜான் பிரான்சிஸ் டேலி இருவரும் இயக்கிய ‘ஹானர் அமங் தீவ்ஸ்’ வேறு வழியில் போனது. டேலி சிறுவயதில் நடித்த ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதியில், பையன்கள் கூடி இதே ஆட்டத்தை ஆடும் காட்சி உண்டு. மேசையில் என்ன நடக்கும் என்பது தெரிந்தவர்கள் எடுத்த படம் என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

அதன் இடுகாட்டுக் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தொலைந்துபோன ஒரு மந்திரத் தலைக்கவசம் எங்கே இருக்கிறது என்று படத்தின் திருடர் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும். பழைய போரில் செத்தவர்களைத் தோண்டி எடுத்து மந்திரத்தால் எழுப்புகிறார்கள். எழுந்த பிணம் ஐந்து கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். அதோடு சரி, மறுபடி எழுப்ப முடியாது. நம் ஆட்களோ பேசத் தெரியாமல் பேசுகிறார்கள். இதுவும் கணக்கில் சேருமா என்று ஒருவன் கேட்டால், அதுவே ஒரு கேள்வியாகிக் கழிந்துவிடுகிறது. அடுத்த குழியைத் தோண்டுகிறார்கள். அதற்கடுத்த குழியையும். இன்னோரிடத்தில் ஒரு பாலத்தைக் கடக்கும் முறையை மாவீரன் நீட்டி முழக்கி விளக்கிக்கொண்டிருக்க, குட்டி மந்திரவாதி சும்மா கால் வைக்கிறான், பாலமே சரிந்துவிடுகிறது. போட்ட திட்டமெல்லாம் பாழ். வேறு வழி தேடியாக வேண்டும்.

படத்தில் எங்கேயும் பகடை உருளவில்லை. ஆனால் சின்ன எண் விழுந்த மேசையில் எழும் அங்கலாய்ப்பு ஒவ்வொரு காட்சியிலும் கேட்கிறது. தோற்றவன் அடுத்து என்ன செய்கிறான் என்பதைத்தான் இயக்குநர்கள் கதையாக எடுத்துக்கொண்டார்கள். முடிவு எழுதியாகிவிட்டது என்பது நமக்கு மறந்தே போகிறது. சுமார் 15 கோடி டாலரில் எடுத்த படம் 20 கோடியைச் சற்றே தாண்டி வசூலித்தது. இவ்வளவு பெரிய படத்துக்கு அது போதாது. ஆனாலும் ஒரு மேசை ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவரும் வழி அதில் இருக்கிறது.

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த வழி புதிதல்ல. நம் ஊர்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அதில் சூது துகில் இரவு என்று ஒன்று உண்டு. உலகத்திலேயே எல்லோருக்கும் முடிவு தெரிந்த பகடையாட்டம் அதுதான். சகுனி ஜெயிப்பான், தருமர் தோற்பார் என்பது தாய் மடியில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். அப்படியும் பாயும் போர்வையுமாக வந்து விடிய விடிய ஏன் உட்கார்ந்திருக்கிறோம்?

இரண்டு பேர் திரை பிடிக்க, அதற்குப் பின்னால் நின்று பாடியபடி வேடம் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும். முதலில் கிரீடத்தின் நுனி, பிறகு புஜகீர்த்தி, அப்புறம்தான் முகம். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் குறுக்கே வந்து, யாரப்பா நீ, எந்த ஊர் என்று விசாரிப்பான். ஊரில் அன்றைக்கு நடந்த சங்கதியைக்கூட உள்ளே இழுத்துவிடுவான். அதற்குத் தக்கபடி வேடக்காரர் பதில் சொல்ல வேண்டும். நேற்று அடுத்த ஊரில் ஆடிய அதே கூத்து இன்று நம் ஊரில் இன்னொன்றாகிவிடுகிறது.

பகடை உருளும் நேரம் கொஞ்சம்தான். நாடு போயிற்று, தம்பிமார் போனார்கள், தருமர் தன்னையும் தோற்றார், கடைசியில் திரௌபதி. கூத்து கனக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னை வைத்து ஆட ஏது உரிமை என்று அவள் சபையைக் கேட்கிறாள். பெரியவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். அவள் பாட்டாகக் கேட்கிறாள், வசனமாகக் கேட்கிறாள், பின்பாட்டுக்காரர்கள் ஏந்திக்கொள்ள மறுபடியும் கேட்கிறாள். துகிலில் கைவைப்பதற்கு முன் துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதும் உண்டு. முடிவு தெரிந்த கதைதான். ஆனாலும் அந்த இடத்தைத் தாண்டுவது ஆடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் ஒவ்வொரு முறையும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இதைத்தான் சொல்ல வந்தேன். விளையாட்டைக் கதையாக்குகிறவர் பகடையைக் காட்ட வேண்டியதில்லை. பகடை விழுந்த பிறகு மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்று காட்ட வேண்டும். ஹாலிவுட் இரண்டு படம் எடுத்துத் தொட்ட இடத்தில், நம் கூத்து வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாக நின்றுகொண்டிருக்கிறார்கள்.

தமிழில் மாயாஜாலப் படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். கிராபிக்ஸுக்குக் கோடி கோடியாய்ச் செலவழிக்கத் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். கூத்திலிருந்து அவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது கிரீடத்தையும் முகப்பூச்சையும்தான். அதைவிடப் பெரிய சொத்து அந்தக் கதை நடத்தும் திறமை. திரைக்கதை எழுதும் அறையில் ஒரு கூத்து வாத்தியாருக்கும் நாற்காலி போடுங்கள். பாட்டுக்கோ சண்டைக்கோ ஆலோசகராக அல்ல, எழுத்தாளராகவே. அவருக்குரிய சம்பளத்தையும் கொடுங்கள். எழுதியதை அவர் முன் படித்துக்காட்டினால், கூட்டம் எந்த இடத்தில் எழுந்து டீக்கடைக்குப் போகும் என்று சொல்லிவிடுவார். அதை அவருக்கு நேரில் உட்கார்ந்திருந்த ஜனங்களே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் ஆடுவதற்குப் பாரதத்தை வைத்தே ஒரு மேசை ஆட்டம் செய்யலாம். கட்டியங்காரனே கதை நடத்தட்டும். சூதாட்ட மண்டபத்தில் விகர்ணனாக எழுந்து நின்று பேசுவதா, மற்றவர்களைப் போல வாய்மூடி உட்கார்ந்திருப்பதா என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை முடிவெடுக்கட்டும். அந்த ஆட்டம் முதலில் வரட்டும். அதிலிருந்து வரும் படத்துக்கு நல்ல கதை தானே கிடைக்கும்.

அடுத்த வாரம்: வைகுண்ட ஏகாதசி இரவுப் பரமபதம். ஏணியும் பாம்பும் மட்டும் உள்ள ஓர் ஆட்டத்தில் திரைக்கதை இருக்கிறதா?