நியூபவுண்டுலாந்து மாகாணம்

கனடா நாடு பத்து மாகாணங்களையும் மூன்று ஆட்சிப் பகுதிகளையும் உடையது. அம்மாகாணங்களுள் கிழக்குக் கோடியில் அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி நிற்பது நியூபவுண்டுலாந்து-லாபிரடார் ஆகும். இதன் பரப்பு ஏறத்தாழ 4,05,000 சதுரக் கிலோமீட்டர். நியூபவுண்டுலாந்து ஒரு தீவு. லாபிரடார் வட அமெரிக்கப் பெருநிலத்தைச் சார்ந்தது. இவ்விரண்டையும் பெல் ஐல் நீரிணை பிரிக்கின்றது. லாபிரடார் தீவினும் இருமடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. ஆயினும் மக்களுள் பெரும்பாலோர் தீவிலேயே வாழ்கின்றனர். 2021ஆம் ஆண்டின் கணக்குப்படி மாகாண மக்கள்தொகை 5,10,550. செயிண்ட் ஜான்ஸ் என்னும் துறைமுக நகரம் இதன் தலைநகரம்.

இத்தீவு பாறை மிகுந்தது, கோடைக்காலம் குறுகியது, ஆதலின் உழவுத் தொழில் செழிக்கவில்லை. நிலம் கொடாததைக் கடல் கொடுத்தது. தீவின் தென்கிழக்கே ஆழம் குறைந்த கடல் திட்டுகள் பரந்துள்ளன. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த லாபிரடார் நீரோட்டமும், தெற்கிலிருந்து வரும் வெப்பமான வளைகுடா நீரோட்டமும் இங்கே கலக்கின்றன. அதனால் அடர்ந்த மூடுபனி உண்டாகின்றது. இக்கடலில் காட் என்னும் மீன் மிகுதியாகக் கிடைத்தது. அதனை நம்பியே கடற்கரையெங்கும் சிற்றூர்கள் தோன்றின.

1855ஆம் ஆண்டில் நியூபவுண்டுலாந்து, மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்திற்குப் பொறுப்புடைய அமைச்சரவையைப் பெற்றது. 1867இல் கனடாக் கூட்டாட்சி அமைந்தபோது அதில் சேராமல் தனித்தே நின்றது. ஆனால் இருப்புப்பாதை அமைத்த செலவும் முதல் உலகப்போர்ச் செலவும் பெருங்கடனாயின. 1930ஐ அடுத்த ஆண்டுகளில் மீன் விலை வீழ்ந்தது. வருவாயின் பெரும்பகுதி வட்டிக்கே போயிற்று. இறுதியில் சட்டமன்றமே தன் உரிமையை விட்டுக்கொடுக்க இசைந்தது. 1934 முதல் பிரிட்டன் அமர்த்திய ஆளுநரும் ஆறு ஆணையர்களும் நாட்டை ஆண்டனர்.

இரண்டாம் உலகப்போருக்குப்பின், வருங்கால ஆட்சிமுறையைத் தீர்மானிக்கும் பொறுப்பு மக்களிடம் விடப்பட்டது. ஆணையர் ஆட்சி, தனியாட்சி, கனடாவுடன் இணைப்பு என்னும் மூன்றனுள் எதுவும் 1948 ஜூன் வாக்கெடுப்பில் பாதிக்குமேல் வாக்குப் பெறவில்லை. ஆதலின் ஜூலையில் மீண்டும் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. இணைப்பிற்கு 78,323 பேரும், தனியாட்சிக்கு 71,334 பேரும் வாக்களித்தனர். 1949 மார்ச் 31ஆம் நாள் நியூபவுண்டுலாந்து கனடாவின் பத்தாவது மாகாணமாயிற்று. இணைப்பிற்காகப் பாடுபட்ட ஜோசப் ஸ்மால்வுட் முதலாவது முதலமைச்சரானார். 2001இல் லாபிரடாரின் பெயரும் மாகாணப் பெயரில் சேர்க்கப்பட்டது.

இன்று மாகாணச் சட்டமன்றத்தில் 40 உறுப்பினர்கள் உள்ளனர். பெரும்பான்மையோரின் ஆதரவைப் பெற்றவர் முதலமைச்சராவார். மன்னரின் சார்பாளராக ஒரு துணை ஆளுநர் இருக்கின்றார். கல்வி, மருத்துவமனை முதலியவை மாகாண அரசின் பொறுப்பு. பாதுகாப்பு, நாணயம், கடல் மீன்வளம் ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு.

அளவின்றிப் பிடித்ததனால் காட் மீன் அருகியது. 1992இல் மத்திய அரசு அம்மீன்பிடிப்பைத் தடைசெய்தது. பல்லாயிரவர் தொழில் இழந்தனர். 2024ஆம் ஆண்டிலேதான் கட்டுப்பாடுகளுடன் அத்தடை நீங்கியது. வருவாய்க்கு மிஞ்சிய கடனால் ஆட்சியுரிமை போயிற்று. வளத்திற்கு மிஞ்சிய வேட்டையால் மீன் போயிற்று. இழந்த உரிமையை ஒரே ஆண்டில் வாக்கினால் மீட்டுக்கொள்ள முடிந்தது. கடலோ, தான் இழந்ததைத் திருப்பித்தர முப்பது ஆண்டுகளுக்குமேல் எடுத்துக்கொண்டது. இன்னும் முழுமையாகத் தரவில்லை.