நாயனத்துக்குள் பாடுவது யார்?

மயிலாடிக்கு வந்திருக்கிறீர்களா, மக்களே? சிற்பப் பட்டறைகளில் பிள்ளையார் பாதி முடிந்து நிற்பார். நந்திக்கு இன்னும் கண் திறந்திருக்காது. காலையிலிருந்தே உளிச் சத்தம்தான். நல்ல கல்லைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் ஒலி மழுங்கிவிடும். கொஞ்ச தூரம் போனால் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். அங்குள்ள இசைத் தூண்களைத் தட்டினால் சுரமே வரும்.

இப்போது ஒரு கேள்வி. ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலிலும் கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலிலும் கல்லால் செய்த நாதசுரம் இருக்கிறது. தூணைத் தட்டும்போது அதிர்வது கல். கல் நாயனத்தை ஊதும்போது அதிர்வது எது?

கல் இல்லை. உள்ளே இருக்கும் காற்று!

பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி பீப்பி ஊதியிருப்பீர்கள். நசுங்கிய இரண்டு இதழ்களும் மூச்சுக் காற்றில் மூடி மூடித் திறக்கின்றன. அந்தத் துடிப்பு உள்ளே இருக்கும் காற்றை ஆட்டுகிறது. நாதசுரத்தில் இதே வேலையைச் சீவாளி செய்கிறது. சீவாளியைச் செருகும் சின்னக் குழாய் கெண்டை. துளைகள் உள்ள நீண்ட மர உடல் உலவு. விரிந்த வாய் அணசு. உலவின் வேலை, காற்றுக்கு ஓர் அளவான அறை கொடுப்பது.

அறையை எதனால் கட்டினால் என்ன? 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே அளவில் குழல் செய்து சோதித்தார். கேட்டவர்களாலும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை, வாசித்தவர்களாலும் முடியவில்லை. அப்படியானால் நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் ஏன் பழைய ஆச்சா மரத்தைத் தேடிப் போகிறார்கள்? மூச்சின் ஈரத்தில் அது எளிதில் வெடிக்காது. உட்புறத்தை வழவழப்பாகக் கடையலாம். அறையின் அளவு காலத்துக்கும் மாறாது. சீவாளிப் பக்கத்திலிருந்து அணசு நோக்கி விரிந்துகொண்டே போகும் துளையைக் கருங்கல்லில் குடைவது எவ்வளவு கடினம் என்று மயிலாடிச் சிற்பிகளுக்குத்தான் தெரியும். கல் நாயனம் செய்தவரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அந்த விரியும் துளையில்தான் ரகசியம் இருக்கிறது. மேற்கத்திய புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஏறத்தாழ ஒரே நீளம், 66 சென்டிமீட்டர். ஆனால் புல்லாங்குழலின் அடிச் சுரம் நொடிக்கு 262 அதிர்வு, கிளாரினெட்டின் அடிச் சுரம் 147தான். புல்லாங்குழல் இரு முனையும் திறந்தது. ஒலியலை போய்த் திரும்பினால் ஒரு சுற்று முடிந்தது. கிளாரினெட்டின் ஒரு முனையைச் சீவாளி போன்ற ஒரு நாக்கு மூடிவிடுகிறது. அலை இரண்டு முறை போய்த் திரும்பினால்தான் ஒரு சுற்று. நாதசுரத்தையும் சீவாளி மூடுகிறதே என்பீர்கள். சரிதான். ஆனால் அதன் துளை கூம்பு வடிவம். கூம்புக்குள் ஒலியலை, இரு முனையும் திறந்த குழாயில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும்.

முன்பெல்லாம் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாயனமே வழக்கத்தில் இருந்தது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு நீளமான பாரி நாயனத்தைச் செய்வித்தார். நீளம் கூடியது, சுருதி இறங்கியது, நாதம் கனத்தது.

ராஜரத்தினம் பிள்ளையின் சீடர்தான் திருநெல்வேலிப் பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலம். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், ‘சிங்கார வேலனே’ பாட்டுக்கு அவர் நாயனம் வாசித்தார், எஸ். ஜானகி பாடினார். தெருவுக்கே கேட்கும்படி செய்யப்பட்ட கருவியும் ஒரு பெண்ணின் மென்குரலும் ஒரே பாட்டில்! ஆபேரி ராகத்தில் குரல் ஓடும், நாயனம் துரத்தும். இதை இசைத்தட்டிலோ படத்திலோ கேட்காமல் யாரும் வளரக் கூடாது என்பது என் எண்ணம்.

இப்படிப்பட்ட பதிவுகளில் மைக் வைக்கும் இடம் ஒரு தனிக் கணக்கு. திறந்த வெளியில் கருவிக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் வந்து சேரும் ஒலி ஆற்றல் நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால் நாயனத்துக்கு மைக்கைத் தள்ளி வைக்கலாம். மூங்கில் குழலுக்கோ பக்கத்தில் வைத்தாக வேண்டும். 1988இல் இளையராஜா வெளியிட்ட ‘நத்திங் பட் விண்ட்’ இசைத்தொகுப்பைக் கேளுங்கள். ஹரிபிரசாத் சௌராசியாவின் பன்சூரி என்ற மூங்கில் குழல் நடுவில் இருக்கும். சுற்றிலும் வயலின்கள் முதலான வாத்தியக் குழு. இத்தனை வில் கருவிகளுக்கு இடையிலும் குழலின் மூச்சுக்கூடக் காதில் விழும்.

இன்னொரு சிக்கல் சூடு. காற்று சூடானால் அதில் ஒலி வேகமாகப் போகும். 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டர், 32 டிகிரியில் ஏறத்தாழ 350. ஒலி வேகமாகப் போனால் அலை சீக்கிரம் திரும்பி வரும், சுருதி ஏறும். இந்த இரண்டு சத ஏற்றம் சின்னதாகத் தோன்றும். ஆனால் ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருப்பதே ஆறு சதம்தான்! சூட்டில் வயலின் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும். குழலோ மேலே ஏறும். இரண்டும் சேர்ந்தால் காதுக்கு ஒவ்வாது. அதனால்தான் மேற்கத்திய வாத்தியக் குழுவில் வாசிப்பதற்கு முன் ஓபோ என்ற கருவி ஒரு சுரம் ஊதும். நொடிக்கு 440 அதிர்வு என்பது வழக்கமான அளவு. மற்றவர்கள் அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். ஓபோவும் நாயனம்போலவே இரட்டை நாக்கும் கூம்புத் துளையும் கொண்டது. தன் முறை வரும்வரை சும்மா இருக்கும் குழல் குளிர்ந்துவிடும். ஆகவே வாசிப்பவர் சத்தமில்லாமல் உள்ளே சூடான மூச்சை விட்டுக்கொண்டிருப்பார்.

நாயனக்காரருக்கும் வழி இருக்கிறது. கெண்டையைச் சற்றே உள்ளே தள்ளினால் காற்றின் நீளம் குறையும், சுருதி ஏறும். வெளியே இழுத்தால் இறங்கும். அப்படியும் சேரவில்லையா, நாயனத்தின் கழுத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளில் வேறொன்றை எடுத்து மாட்டுவார். ஒரே மூங்கில் துண்டில் செய்த பன்சூரியில் இழுத்து நீட்ட ஏதும் இல்லை. அதனால் பன்சூரிக் கலைஞர்கள் வேறு வேறு நீளத்தில் குழல்களை ஒரு பை நிறையக் கொண்டு வருகிறார்கள்.